ஒரு நாள் சீட்டும் மூன்று நாள் குடும்பமும்: சென்னையின் மேற்குப் புறநகரில் தீம் பார்க் திட்டம்

கோடை விடுமுறை பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்து இறங்கியிருக்கும். பிள்ளைகள் நாலைந்து பேர், பெரியவர்கள் இரண்டு பேர், கையில் இரண்டு மூன்று நாள் விடுப்பு. தீம் பார்க் போவது முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. ஒரே பூங்காவை இரண்டு நாள் பார்ப்பதா, நாளுக்கொரு பூங்காவா? அங்கேயே அறை எடுத்துத் தங்குவதா, இரவு வீடு திரும்புவதா? எந்தக் கிழமையில் எதை வைப்பது?

இதற்குப் பொருளியலாளர், கணித அறிஞர், உளவியலாளர், வழிகாட்டி நூலாசிரியர், விடுதி நடத்துபவர் எனப் பலர் விடை சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே நம் குடும்பங்களிடம் ஒரு விடை இருந்தது. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, மேற்குப் புறநகர்க் குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை ரைடில் ஏறுகிறவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. ஏறாதவரும் சீட்டு வாங்கித்தான் உள்ளே வருகிறார்.

சீட்டுக்கு முந்திய காலம்

குடும்பமாகப் பல நாள் வெளியே போய்த் தங்குவது இப்பகுதிக்குப் புதிதல்ல. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போய், ஆரணி ஆற்றோரம் அடுப்பு மூட்டிச் சமைத்து, வேப்பஞ்சேலை நேர்த்திக்கடன் முடித்து, இரவு தங்கித் திரும்பும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே ராட்டினம் உண்டு, வளையல் கடை உண்டு, பொரி கடலை உண்டு. யாரும் அட்டவணை போடுவதில்லை. ராட்டினத்தில் ஏறுகிற பிள்ளைக்கு மட்டும் காசு. பாட்டி மரத்தடியில் படுத்துக்கொள்ள யாரும் கட்டணம் கேட்பதில்லை.

நகரத்துக்குள் இதே வேலையைப் பொருட்காட்சி செய்தது. தீவுத்திடலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொங்கலை ஒட்டி நடத்தும் பொருட்காட்சியில் நுழைவுக் கட்டணம் சிறிது, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச் சீட்டு. அதற்கும் முன்னால், ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் 1859-இல் உருவான பீப்பிள்ஸ் பார்க்கும் அங்கிருந்த விலங்குக் காட்சி சாலையும் சென்னைக்காரர்களின் விடுமுறை இடமாக இருந்தன. ‘உயிர் காலேஜ்’ என்று மக்கள் அழைத்த அந்தக் காட்சி சாலைதான் பிறகு வண்டலூருக்கு இடம் மாறி, 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இந்தப் பழைய முறையை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் உண்டு. அதன் குறைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கழிப்பறை, குடிநீர், ராட்டினத்தின் உறுதி என எதற்கும் அங்கே உத்தரவாதம் இருந்ததில்லை. ஆனால் அதன் விலை முறையில் ஒரு நியாயம் இருந்தது. அனுபவிக்கிறவர் கட்டினார், வேடிக்கை பார்க்கிறவர் கட்டவில்லை.

ஒரே விலை, நீண்ட வரிசை

அந்த நியாயத்தைக் கலைத்தது ஒற்றை நுழைவுச்சீட்டு. 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அங்கும் தொடக்கத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டணம்தான், பிறகு சீட்டுப் புத்தகம் வந்தது. நுழைவுக்கு ஒரு விலை, ரைடுக்கு ஒரு விலை என்ற இந்த இரட்டைக் கட்டணத்தைப் பற்றிப் பொருளியலாளர் வால்டர் ஓய் 1971-இல் எழுதிய கட்டுரை அத்துறையில் இன்றும் பாடமாக இருக்கிறது. 1982-இல் டிஸ்னிலேண்ட் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டு ஒரே விலைக்கு மாறியது.

ஒரே விலை என்றால் உள்ளே போன பிறகு அடுத்த ரைடுக்குச் செலவு கிடையாது. செலவு இல்லாத இடத்தில் கூட்டம் சேரும். காசாகக் கொடுக்காததை நேரமாகக் கொடுக்க வேண்டிவரும். இதிலிருந்து பிறந்ததுதான் தமிழ்நாட்டில் அதிகம் புழங்கும் விடை: கதவு திறக்கும்போது நுழை, மூடும்போது வெளியே வா, கொடுத்த காசுக்கு எல்லா ரைடும் ஏறு.

சென்னையில் இந்தப் பழக்கத்தை வளர்த்தவை கிழக்குக் கடற்கரைச் சாலையின் வி.ஜி.பி., எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, தாம்பரம் அருகே ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ தயாரித்த நவோதயா அப்பச்சன் 1990-களில் தொடங்கிய கிஷ்கிந்தா ஆகியவை. மேற்குப் புறநகருக்கென வந்தது பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தை ஒட்டிய பழஞ்சூரில் இருக்கும் குயின்ஸ்லேண்ட். அதே பக்கத்தில் இருந்த ஈ.வி.பி. பூங்கா இன்று படப்பிடிப்புத் தளம். ‘பிக் பாஸ்’ வீடு இருப்பது அங்கேதான். கடைசியாக வந்தது வொண்டர்லா. உள்ளாட்சிக் கேளிக்கை வரி இழுபறியில் பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் ஏறத்தாழ 64 ஏக்கரில் திறந்தது.

திறப்பின்போது வொண்டர்லா அறிவித்த வழக்கமான கட்டணம் ஒருவருக்கு 1,489 ரூபாய். பெரியவர்கள் நான்கு பேர் என்றாலே ஏறத்தாழ ஆறாயிரம். பிள்ளைகளின் சீட்டு, சாப்பாடு, லாக்கர், நீச்சல் உடை வாடகை, டீசல் எல்லாம் அதற்கு மேல். பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2017-இல் 28 சதவீதமாக இருந்து, 2018 ஜனவரியில் 18 ஆனது. குறைந்த வரியும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. இவ்வளவு கொடுத்தவர் ஒரு ரைடையும் விடக் கூடாது என்று நினைப்பதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பல நாள் பயணத்தில் இந்த விடை முதல் நாளோடு படுத்துவிடுகிறது. வெயிலில் ஏழு மணி நேரம் நின்ற குடும்பம் இரண்டாம் நாள் காலையில் எழுந்திருப்பதே பெரிய காரியம்.

அட்டவணை போடுகிறவர்கள்

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு துறையாகவே வளர்ந்தது. ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய அளவில் இல்லை. 1980-களில் பாப் செலிங்கர் தொடங்கிய வழிகாட்டி நூல், எந்த ரைடை எந்த மணிக்கு, எந்த வரிசையில் ஏறினால் காத்திருப்பு குறையும் என்று படிப்படியாக எழுதிக் காட்டியது. பின்னர் அதில் சேர்ந்த கணினித் துறைக்காரர் லென் டெஸ்டா அதையே ஒரு கணக்காக்கினார். பல ஊருக்குப் போக வேண்டிய விற்பனையாளர் எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்ற பழைய புதிரின் ஒரு வகை இது. இங்கே ஒவ்வொரு நிறுத்தத்தின் ‘தூரமும்’ மணிக்கு மணி மாறும் என்பதுதான் கூடுதல் சிக்கல்.

பூங்காக்களும் சும்மா இருக்கவில்லை. டிஸ்னி 1999-இல் நேரம் குறித்துத் தரும் ஃபாஸ்ட்பாஸை இலவசமாகக் கொண்டுவந்தது. 2021-இல் அது கட்டணச் சேவையாகிவிட்டது. இந்தியப் பூங்காக்களிலும் வரிசையைத் தாண்டிச் செல்லும் விலை கூடிய சீட்டு வந்துவிட்டது.

இந்த அணுகுமுறையில் சாரம் உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடி என்ற அறிவுரை எங்கும் செல்லுபடியாகும். ஆனால் மற்றதை அப்படியே இங்கே இறக்க முடியாது. முதல் காரணம் நேரம். அமெரிக்கப் பூங்கா காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்து இரவு வரை இயங்கும். நம் பூங்காக்கள் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்குத் திறந்து ஆறு, ஏழு மணிக்குள் முடித்துக்கொள்கின்றன. இரண்டாவது காரணம் தண்ணீர். இங்கே வேவ் பூலும் சறுக்குகளும் பாதிப் பூங்கா. நீர்ப்பகுதிக்குத் தனி நேரம், தனி உடை. பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், ஈரத் துணியோடு மற்ற ரைடுகளில் ஏற்றமாட்டார்கள். ஆகவே நம் குடும்பத்தின் அட்டவணை உண்மையில் ஒரே ஒரு முடிவுதான்: எத்தனை மணிக்கு நனைவது. ஒரு முறை நனைந்துவிட்டால் உடை மாற்றும் அறையின் வரிசையைத் தாண்டாமல் திரும்ப வழியில்லை. அந்த வரிசையின் நீளத்தை எந்தச் செயலியும் காட்டுவதில்லை.

விலை கூடிய சீட்டிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பத்துப் பேர் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மட்டும் அதை வாங்கினால் குடும்பம் இரண்டாகப் பிரியும். பத்துப் பேருக்கும் வாங்கினால் அந்தத் தொகைக்கு இன்னொரு நாளே போய்வரலாம்.

தங்கிப் பார்ப்பது

பூங்காவுக்குள்ளேயோ வாசலிலேயோ தங்கிவிட்டால் அவசரம் குறையும் என்பது விடுதிக்காரர்களின் விடை. வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்த அன்றே விடுதிகளோடுதான் திறந்தது. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியிலும் பிடதியில் உள்ள பெங்களூரு வொண்டர்லாவிலும் தங்குமிடம் இருக்கிறது. நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாக் தண்டரிலும் அறை கிடைக்கும். வெளியூர்க் குடும்பத்துக்கு இது நல்ல வழி. மதியம் அறைக்குப் போய்ச் சற்றுப் படுத்துவிட்டு வரலாம் என்பது சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்குச் சிறிய வசதி அல்ல.

எனினும் இந்த விடை விலை ஏற்பாட்டையும் சார்ந்தே நிற்கிறது. டிஸ்னி போன்ற இடங்களில் நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும். நம்மூரில் சீட்டு பெரும்பாலும் ஒரு நாளுக்கானது, மறுநாள் மறுபடி முழு விலை. அறைக்கும் கொடுத்து இரண்டாம் முறை முழுச் சீட்டுக்கும் கொடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. ஆவடியின் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கும் விடுப்புப் பயணச் சலுகையை இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெங்களூரு, ஹைதராபாத் பயணம் அப்படித்தான் பல வீடுகளில் முடிவாகிறது. அந்தச் சலுகை தருவது ரயில், பேருந்து போன்ற போக்குவரத்துக் கட்டணம். பூங்காச் சீட்டும் அறை வாடகையும் சொந்தக் கைக்காசு.

எந்தக் கிழமை, எந்த மாதம்

வார நாளில் போ, கூட்டம் இருக்காது: எல்லா வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்வது இது. சென்னையில் இது பாதி உண்மை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மீண்டும் திறந்த பிறகு கல்விச் சுற்றுலாப் பருவம் தொடங்குகிறது. அப்போது வார நாள்களில் பூங்கா வாசலில் மஞ்சள் பேருந்துகள் அடுக்கி நிற்கும். ஒரு பள்ளி மொத்தமாக ஒரே ரைடுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே தேவலாம் போலிருக்கும்.

பிறகு விடுமுறைச் சிக்கல். ஆவடியில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளோடு ராணுவம், விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் குடியிருப்புகளை ஒட்டிய கேந்திரிய வித்யாலயாக்களும் இருக்கின்றன. அண்ணன் பிள்ளைக்கும் தங்கை பிள்ளைக்கும் விடுமுறை ஒத்துப்போகும் நாள்களே சில. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தந்தைக்குத் தொடர்ந்து மூன்று நாள் கிடைப்பது ஆயுத பூஜையையோ பொங்கலையோ ஒட்டித்தான். அந்த நாள்களில் ஊரே வெளியே கிளம்பும். காணும் பொங்கலன்று வண்டலூர்ப் பக்கம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக, கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடு என்ற அறிவுரை, நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு மட்டுமே உதவும்.

வானிலையும் எதிர்த்திசையில் இழுக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் சுகம், ஆனால் அதுதான் உச்சக் கூட்டம். வரிசையில் நிற்கும் இடத்தில் நிழல் போதாவிட்டால் பகல் ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். டிசம்பரில் வெயில் இல்லை, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கும் நாள்களில் குன்றத்தூர்ப் பக்கச் சாலைகளின் நிலை 2015-க்குப் பிறகு இப்பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஜூலை, ஆகஸ்ட் வார நாள்கள் ஓரளவு காலியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அப்போது பள்ளி இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கும் மாதம் ஒன்று நாள்காட்டியில் இல்லை. காலாண்டு விடுமுறையின் தொடக்க நாள்கள் ஏதோ சமாளிக்கக்கூடியவை.

பை காக்கிறவர்

இனி, எந்த அட்டவணையிலும் பெயர் வராத ஒருவர். குடும்பம் நீர்ப்பகுதிக்குள் இறங்கியதும் கைப்பை, செருப்பு, செல்போன், மாற்றுத் துணி, ஃப்ளாஸ்க் எல்லாவற்றையும் காத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் பாட்டி, இல்லாவிட்டால் அம்மா. நீச்சல் உடை போடக் கூச்சம், முழங்கால் வலி, ரத்த அழுத்தம், கைக்குழந்தை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். லாக்கர் இருக்கிறதே என்று சொல்லலாம். லாக்கர் பிள்ளைக்குத் துவட்டிவிடாது.

வரிசை ஆய்வு என்ற கணிதத் துறையே தொலைபேசி இணைப்பகங்களுக்காக டென்மார்க்கின் ஏர்லாங் 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. அதில் காத்திருப்பவர் எல்லாரும் ஒரு சேவைக்காகக் காத்திருப்பவர். நாற்காலியில் இருக்கும் பாட்டி எந்தச் சேவைக்காகவும் காத்திருக்கவில்லை. அவர் மற்றவர்கள் முடித்துவிட்டு வருவதற்காகக் காத்திருக்கிறார். டேவிட் மைஸ்டர் 1985-இல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதியது இங்கே நெருங்கி வருகிறது. கை சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும், தனியே காத்திருப்பது கூட்டமாகக் காத்திருப்பதைவிட நீளம். மூன்றும் அந்த நாற்காலிக்குப் பொருந்தும்.

டேனியல் கானிமனும் கூட்டாளிகளும் 1990-களில் செய்த சோதனைகள் வேறொரு கோணத்தைத் தந்தன. ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைப்பது அதன் உச்சத் தருணத்தையும் முடிவையும் கொண்டுதான். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவில் அதிகம் எடைபெறுவதில்லை. இதை வைத்துக்கொண்டு சுற்றுலா வல்லுநர்கள் கடைசி நாளை இனிமையாக வை என்கிறார்கள். அறிவுரை கெட்டதல்ல. ஆனால் அந்தச் சோதனைகள் குளிர்ந்த நீரில் கையை வைத்தவர்களையும் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்களையும் கொண்டு செய்யப்பட்டவை. தனி மனிதரின் நினைவைப் பற்றியவை. குடும்பத்துக்கு ஒரே உச்சம் கிடையாது. பேரனின் உச்சம் ரோலர் கோஸ்டர். அதே நிமிடம் கீழே நிற்கும் தாத்தாவுக்குப் பதற்றம்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும் டச்சு மக்கள் 1,530 பேரிடம் யெரூன் நவெய்ன் குழுவினர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பயணம் போகப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பின் அந்த வேறுபாடு பெரும்பாலோரிடம் இல்லை. மிகவும் ஓய்வாக இருந்ததாகச் சொன்னவர்களிடம் மட்டும் சிறிது காலம் நீடித்தது. நெதர்லாந்தின் முடிவை அம்பத்தூருக்கு அப்படியே கொண்டுவருவது சரியாகாது. ஆனாலும் ‘எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்’ என்ற திட்டத்துக்கு எதிராகக் கையில் இருக்கும் சான்று இதுவே.

பை காக்கிறவரோடு சேர்ந்தே வருகிறது சாப்பாட்டுச் சண்டை. பெரியபாளையத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போன அதே குடும்பம் தீம் பார்க் வாசலில் டிபன் கேரியரைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. வெளி உணவுக்குப் பெரும்பாலான பூங்காக்கள் தடை போடுகின்றன. திரையரங்குகள் பற்றிய வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்றும் குறிப்பிட்டது. அது பூங்காக்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனாலும் தண்ணீருக்கும் குழந்தை உணவுக்கும் வாசலில் வாதாடுகிற பெற்றோருக்கு அந்த அளவுகோல் நியாயமானதே. சர்க்கரை நோயுள்ள பெரியவரின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதற்கு அதில் விடை இல்லை. பூங்கா உணவகத்தின் பிரைடு ரைஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்திருந்தும் திட்டம் போடும்போது யாரும் அதை எழுதி வைப்பதில்லை.

பாதுகாப்பு

விபத்துகளால் ஏற்பட்ட அச்சமும் திட்டத்தைப் பாதிக்கிறது. அதை வீண் பயம் என்று தள்ள முடியாது. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராட்டினம் உடைந்து உயிரிழப்பு நேர்ந்தது. 2019 ஜூனில் குயின்ஸ்லேண்டில் உயரத்திலிருந்து இறங்கும் ரைடு ஒன்றின் கம்பி அறுந்த காட்சி செல்போன்களில் பரவியது. 2025 மே மாதம் வி.ஜி.பி.யில் ஒரு ராட்டினம் நடுவானில் நின்றுபோய், ஏறியிருந்தவர்களைத் தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் போராடி இறக்கினார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்கென ஐ.எஸ். 15475 என்ற வரிசையில் பாதுகாப்பு நடைமுறைகளை வகுத்திருக்கிறது. சிக்கல், பார்வையாளர் அதன் நிறைவேற்றத்தைச் சரிபார்க்க வழியில்லாததுதான். கடைசி ஆய்வு எப்போது நடந்தது என்று ஒவ்வொரு ரைடின் வாசலிலும் எழுதி வைத்தால் போதும். பல நாள் திட்டத்தில் இதனால் விளையும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ஒரே ஒரு பெரிய ரைடை நம்பி ஒரு நாளை வைக்கக் கூடாது. பராமரிப்புக்காக அது மூடியிருக்கலாம். மூடியிருப்பதை ஏமாற்றமாகப் பார்க்காமல், அக்கறை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதே சரி.

மேற்கிலிருந்து கிளம்பினால்

மேற்சொன்ன விடைகளைச் சலித்துப் பார்த்தால் மேற்குப் புறநகருக்கு மிஞ்சுவது என்ன? இங்கே நிலவியல் பேசத் தொடங்குகிறது. முன்பெல்லாம் ஆவடிக்காரர் கடற்கரைப் பக்கப் பூங்காவுக்குப் போக நகரத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும். கோயம்பேட்டிலும் கிண்டியிலும் காலை கரைந்துவிடும். வெளிவட்டச் சாலை இதை மாற்றியது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-இலும், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-இலும் திறந்த இச்சாலையின் மொத்த நீளம் ஏறத்தாழ 62 கிலோமீட்டர். நெமிலிச்சேரி ஆவடிக்குப் பக்கம். அங்கே ஏறினால் வண்டலூர் 30 கிலோமீட்டர். அங்கிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக இள்ளலூர் போனாலும் ஆவடியிலிருந்து மொத்தம் 70 கிலோமீட்டர் அளவில்தான் வரும். சுங்கக் கட்டணம் உண்டு, சிக்னல் நெரிசல் குறைவு. பூந்தமல்லிக்காரருக்குத் தூரம் இன்னும் குறையும்.

பேருந்தை நம்பிப் போகும் குடும்பத்துக்கு இந்தச் சாலை அவ்வளவு உதவாது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ தடம் பூந்தமல்லியை நகரத்தோடு இணைக்குமே தவிர, எந்தப் பூங்காவின் வாசலிலும் இறக்கிவிடாது.

அடுத்து வேன். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் வேன் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை நாள் கணக்கிலும் கிலோமீட்டர் கணக்கிலும் ஏறும். எடுத்த வேனை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று காலையில் மாங்காட்டிலோ திருவேற்காட்டிலோ தரிசனம், பகலில் பூங்கா, மாலையில் கடற்கரை என்று அடுக்குவார்கள். பூங்காத் திட்டங்கள் குலைவது பெரும்பாலும் இந்த அடுக்கில்தான். பதினொரு மணிக்குத் திறக்கும் இடத்துக்கு ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மீதி எல்லாக் கணக்கும் வீண்.

என் கணிப்பில், மேற்குப் புறநகர்க் குடும்பத்துக்கு வீட்டையே தங்குமிடமாக வைத்துக்கொண்டு, நாளுக்கொரு இடமாகப் பிரிப்பது மற்ற வழிகளைவிட மேலானது. அதிலும் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு பெரிய பூங்காக்களை வைப்பது சரிவராது. முதல் நாள் பக்கத்திலிருக்கும் குயின்ஸ்லேண்ட் போன்ற இடம் என்றால், பெரியவர்களை மதியம் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பக்கூட முடியும். நடுநாள் பெரியவர்களுக்கானது. பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் மாலை நடை, அல்லது வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேட்டரி வண்டி. அங்கே பை காக்க ஆள் தேவையில்லை. மூன்றாம் நாள் தூரத்துப் பூங்கா, அதுவும் ஏறுகிறவர்கள் மட்டும். பாட்டி வர விரும்பினால் அழைத்துப் போகலாம். ‘தனியா வீட்டில் என்ன செய்வார்’ என்று கட்டாயப்படுத்திச் சீட்டு வாங்குவது அவருக்கும் நல்லதல்ல, பர்ஸுக்கும் நல்லதல்ல.

இதற்கு மறுப்பும் உண்டு. குடும்பமாகப் போவது என்றால் எல்லாரும் சேர்ந்து போவதுதான், பிரித்துப் போனால் அது குடும்பப் பயணமே இல்லை என்பார்கள். அந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. பல பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பேரப்பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்கவே வருகிறார்கள். அவர்கள் சலித்துக்கொள்கிறார்களா, மகிழ்கிறார்களா என்று வெளியிலிருந்து தீர்மானிக்கக் கூடாது. அவர்களைக் கேட்டுவிட்டுத் திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

தீராமல் நிற்பவை

ஒற்றை விலையா, ரைடுக்கு விலையா என்ற பழைய விவாதம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், மூன்று தலைமுறைக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது இன்னும் திறந்தே இருக்கிறது. ஏறாதவருக்குக் குறைந்த விலைச் சீட்டு கொடுத்தால் பூங்காவுக்கு நட்டமா, கூடுதல் கூட்டம் வந்து லாபமா என்பதை இங்குள்ள பூங்காக்கள்தான் செய்துபார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பாதி விலை என்ற ஏற்பாடும் அப்படியே. இவை இரண்டும் இல்லாதவரை ஒரே பூங்காவில் பல நாள் என்ற டிஸ்னி விடையைச் சென்னையில் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.

காத்திருப்பு நேரத்தை வாசலிலேயே பலகையில் காட்டுவது, நீர்ப்பகுதியை ஒட்டி நிழலும் மின்விசிறியும் உள்ள இருக்கைகள் அமைப்பது, சர்க்கரை நோயாளிக்கான உணவை அனுமதிப்பது ஆகியவை பூங்காக்களுக்குப் பெரிய செலவல்ல. இவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டு வாங்கும் கவுன்டரில், ரைடு எண்ணிக்கையைக் கேட்கும் முன், உட்கார இடம் எங்கே என்று கேட்கும் குடும்பங்கள் கூடினால் கேட்பது கிடைக்கக்கூடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: நடுநாளுக்கு வண்டலூரை நினைப்பவர்கள் கிழமையைப் பார்த்துக்கொள்ளவும். செவ்வாய்க்கிழமை அங்கே வார விடுமுறை.